தகரத்தின் மேல் ஆறு பேனல்

தகரக் கூரையில் கால் வைத்ததும் மேஸ்திரி தேடியது பழைய திருகுகளின் வரிசையை. ஷீட் போட்டபோது அடித்த திருகுகள் ஒரே கோட்டில் போகும். அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் பர்லின் என்கிற குறுக்கு இரும்பு ஓடுகிறது. கூரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு இழுத்தார். பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். பர்லின் மேல் சத்தம் அடங்கிக் கேட்கிறது. விலகினால் தகரம் அதிர்கிறது. "கோட்ட விட்டு ரெண்டு விரல் நவுந்தா திருகு வெறும் தகரத்துல நிக்கும் சார். இப்ப ஒண்ணும் தெரியாது. காத்து அடிச்சாதான் தெரியும்."

படவேட்டில் காற்றைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஜவ்வாது மலையடிவாரத்தில், போளூர் வட்டத்தில் இருக்கிற ஊர். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு ரேணுகாம்பாள் கோயில், ஆடி வெள்ளிக் கூட்டம். ஊர்க்காரர்களுக்கு வாழை. கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று, குலை தள்ளிய தோப்பை அரை மணி நேரத்தில் படுக்க வைத்துவிடும். நான் போயிருந்த வீடும் வாழை விவசாயக் குடும்பத்தினுடையதுதான். ஓட்டைப் பிரித்துவிட்டுக் கலர் ஷீட் போட்டிருந்தார்கள். அதன் மேல் மூன்று கிலோவாட் சோலார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதை நம்பித்தான் வீட்டம்மா துணிந்திருந்தார்.

ஆறு பேனல். ஒவ்வொன்றும் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ. தண்டவாளம் போன்ற அலுமினிய ரெயிலையும் சேர்த்தால் சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு கிலோ அளவில்தான் எடை வரும். சரியாகப் போட்ட கூரைக்கு அது பெரிய சுமை இல்லை. "இது தாங்குமா?" என்று கேட்கிற எல்லோரும் கீழ்நோக்கி அழுத்தும் எடையைத்தான் நினைக்கிறார்கள். ஆபத்து மேல்நோக்கி வருகிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்துக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அத்தனையும் பேனலைத் தூக்குவதில்லை. சாய்வையும் இடத்தையும் பொறுத்து மாறும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம். அதனால் மேஸ்திரி நாலாபக்கமும் இடம் விட்டுத்தான் பேனலுக்குக் கோடு போட்டார். வீட்டுக்காரர் மூலை வரை நிரப்பி இன்னும் இரண்டு போடலாமே என்றதற்கு, முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

கனடாவில் இதே தொழிலில் இருப்பவர்களுக்குக் கவலை வேறு. அங்கே தகரக் கூரையில் குளிர்காலம் முழுக்கச் சேரும் பனி, ஒருநாள் இளகி மொத்தமாகச் சறுக்கி விழும். கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. பேனலின் கண்ணாடி தகரத்தைவிட வழவழப்பு என்பதால் அதன் மேல் படிந்த பனி இன்னும் வேகமாக வரும். அதைப் பிடித்து நிறுத்தக் கூரையில் வரிசையாகப் பனித்தடுப்புகள் மாட்டுகிறார்கள். ஷீட்டின் விளிம்புகள் மடிந்து எழுந்து நிற்கும் கூரை என்றால், அந்த மடிப்பையே கிளாம்பால் கவ்வி, தகரத்தில் ஓட்டையே இல்லாமல் பனித்தடுப்பையும் பேனலையும் பொருத்திவிடுகிறார்கள். படவேட்டில் இருப்பது மேடும் பள்ளமுமான சாதாரண ஷீட். கவ்வுவதற்கு மடிப்பு கிடையாது. துளைத்தே ஆக வேண்டும்.

துளைப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். திருகு பள்ளத்தில் இறங்கக் கூடாது, மழைத் தண்ணீர் ஓடும் பாதை அது. மேட்டில்தான் இறங்க வேண்டும். ரெயில் உட்காரும் இடத்தில் முதலில் ஒட்டும் ரப்பர்ப் பட்டை. அதன் மேல் ரெயில், அதன் வழியே தானே துளைத்துக்கொண்டு இறங்கும் திருகு. திருகின் தலைக்கடியில் ரப்பர் வாஷர். துரப்பணத்தைப் பிடித்திருந்த இளைஞர் கடைசிச் சுற்றுகளில் விசையை விட்டு விட்டு அமுக்கினார். வாஷரின் கறுப்பு விளிம்பு இரும்பு மூடிக்கு வெளியே நூலளவு தெரிந்ததும் நிறுத்தினார். தெரியவே இல்லையென்றால் இறுக்கம் போதாது. பிதுங்கி வெளியே வந்தால் ரப்பர் கிழியும், இரண்டு வெயிலில் வெடித்துவிடும். இரண்டிலுமே தண்ணீர் இறங்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பெயின்ட் பிரஷ் எடுத்தார். துளைத்தபோது சிதறிய இரும்புத் துருவலை ஒன்றுவிடாமல் கூட்டித் தள்ளினார். விட்டுவிட்டால் முதல் மழையில் துருவல் துருப்பிடித்து, ஷீட்டின் பூச்சையும் அரித்துத் தின்றுவிடும். ஒவ்வொரு திருகுக்கும் இது நடந்தது. யாரும் கண்காணிக்கவில்லை. இந்தக் கை நேர்த்திக்குக் கூலிச் சீட்டில் தனியாக ஒரு பெயரும் இல்லை.

வேலை நேரத்தைக் கூரைதான் முடிவு செய்கிறது. தை மாதத்து அதிகாலையில் பனி ஈரத்தில் ஷீட் வழுக்கும். காயும்வரை கீழேயே நிற்கிறார்கள். சித்திரையில் பதினொரு மணிக்கு மேல் கை வைக்க முடியாது. நடக்கும்போதும் திருகு வரிசையை ஒட்டியே கால் வைக்கிறார்கள். வெளிச்சத்துக்காக நடுவில் போட்டிருந்த ஃபைபர் ஷீட்டை, கூரை ஏறியதுமே மேஸ்திரி ஒரு பலகையைப் போட்டு மறைத்தார். தூசி படிந்துவிட்டால் அதுவும் தகரம் மாதிரியே தெரியும். அவருடன் வேலை செய்த ஒருவர் வேறொரு ஊர்க் கிடங்கில் அப்படித்தான் கால் வைத்துக் கீழே போனார். பிழைத்தார், பிறகு கூரை ஏறவில்லை. கல்நார் ஷீட் என்றால் இந்தக் குழு வேலையையே எடுப்பதில்லை.

கயிறு விஷயத்தில்தான் எனக்கு மனது ஆறவில்லை. இடுப்பு பெல்ட் போதாது, தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு பெல்ட் வேண்டும் என்பது இப்போது பலருக்குத் தெரிகிறது. அதை எங்கே மாட்டுவது? கூரையில் கொக்கி இல்லை. வீட்டின் பின்பக்கத் தென்னையில் கயிற்றைக் கட்டி, முகட்டைத் தாண்டிக் கொண்டுவந்திருந்தார்கள். தகர விளிம்பு கயிற்றை அறுக்காதபடி கோணிச் சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். கயிற்றின் நீளத்தையும் மேஸ்திரியே அளந்தார். ஆறடிக் கயிறும், அதிர்ச்சி தாங்கும் பட்டையும் முழுதாக விரிந்து ஆளைப் பிடித்து நிறுத்த, மொத்தம் பதினெட்டு அடிக்கு மேல் உயரம் வேண்டும். பத்தடி உயர வீட்டில் அதற்குள் ஆள் தரையைத் தொட்டுவிடுவார். ஆகவே விழுந்தபின் பிடிக்கும் கயிறு இங்கே பயன்படாது. ஓரத்தை எட்டவே விடாத குட்டைக் கயிறுதான் காப்பாற்றும். இதை எந்த நிறுவனமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் எழுதித் தருகிற மதிப்பீட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ரெயில், கிளாம்ப், கேபிள், எர்த் எல்லாம் வரிசையாக இருந்தன. கொக்கிக்கும் கயிற்றுக்கும் ஒரு வரி இல்லை. அந்த வரியை வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஏறுகிறவர்கள் கேட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும்.

மதியத்துக்குள் பேனல்கள் ஏறிவிட்டன. கனமான கண்ணாடியை ஏணியில் தோள் மாற்றி ஏற்றிய விதத்தைப் பற்றி மட்டுமே தனியாக எழுதலாம். தெற்குப் பார்த்த சாய்வு. படவேடு நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், கூரையின் இயல்பான சாய்வே ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது. பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் காற்று போக இடம் விட்டார்கள். சூடு ஏற ஏற மின்சாரம் குறையும் என்பதே காரணம். செம்பு எர்த் கம்பி தகரத்தைத் தொடாமல் குழாய்க்குள் போயிற்று. செம்பும் துத்தநாகப் பூச்சும் மழை ஈரத்தில் சேர்ந்தால் தகரம் அரிபடும்.

கேபிள் இணைக்கும்போதுதான் மேஸ்திரி குரல் உயர்ந்தது. "தம்பி, கிளவுஸ் போடு!" ஆறு பேனலை வரிசையாக இணைத்தால் 300 வோல்ட் வரை நேர் மின்சாரம் நிற்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்க வழியில்லை. தெருவில் கரண்ட் போனாலும் கூரை மேல் போகாது.

இறங்கியதும் வீட்டம்மா கேட்டார்: "மாசத்துக்கு ஒருவாட்டி கழுவணும்ன்றாங்களே, எங்க பையனை ஏத்திவிடட்டுமாண்ணா?"

"வேணாம்மா, யாரும் ஏற வேணாம். வெயில் ஏர்றதுக்கு முன்னாடி தரையில நின்னே பைப்ல தண்ணி அடிங்க. உச்சி வெயில்ல அடிச்சா கண்ணாடி தெறிச்சாலும் தெறிக்கும்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, முகட்டுப் பர்லினில் இரண்டு கொக்கி போல்ட் நிரந்தரமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். இன்வெர்ட்டர் பழுதோ கேபிள் பழுதோ, பின்னால் யார் ஏறினாலும் கயிறு மாட்ட இடம் இருக்கும். வீட்டம்மா விலை கேட்டார். பேசி முடித்தார்கள். மதிப்பீட்டுச் சீட்டின் அடியில் பேனாவால் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, இளைஞர் மறுபடி பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.