தாத்தாவின் பெயரே பேரனுக்கும்

கொச்சி யூதத் தெருவில் மூதாதையரைத் தேடி வருகிறவர்களுக்குக் கல்லறையும் திருமண ஒப்பந்தமும் செப்பேடும் துப்புக் கொடுக்கின்றன. கூடவே ஒரு பழைய காயமும் வெளியே வருகிறது.

மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாண்டி ஜூ டவுனுக்குள் நுழைந்தால் கடைகளைக் காண்பதற்கு முன்பே சுக்கும் மிளகும் மணக்கின்றன. மசாலா கிடங்குகள் இருந்த இடங்களில் பழம்பொருள் கடைகள் வந்துவிட்டன. தெருவின் கோடியில் 1568ல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம். அதன் மணிக்கூண்டில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள். உள்ளே தரை முழுவதும் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வேறு சிலர் ஒரு பெயருடன் வருகிறார்கள். கொள்ளுத்தாத்தா பெயர், அவர் இறந்த ஆண்டு, ஏதோ ஒரு வீட்டைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை.

அந்தப் பெயரே முதல் தடை. இங்கே பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். டச்சுக் கம்பெனியின் முதன்மை வணிகராக இருந்தவரும், தரை ஓடுகளையும் மணிக்கூண்டையும் தந்தவராகச் சொல்லப்படுபவருமான எசக்கியேல் ரஹாபியின் (1694-1771) அப்பா பெயர் டேவிட். சிரியாவின் அலெப்போவிலிருந்து கொச்சிக்கு வந்த தாத்தாவின் பெயரும் எசக்கியேல்தான். குலதெய்வத்தின் பெயரும் தாத்தா பெயரும் மாறி மாறி வரும் செட்டிநாட்டுக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும். எந்த எசக்கியேல், யாருடைய டேவிட் என்பதை ஆண்டு ஒன்றுதான் பிரித்துக் காட்டும்.

இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்து முன்னோரைத் தேடுகிறவருக்கு இந்தச் சிரமம் குறைவு. அங்கே பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை அரசு 1837லேயே தொடங்கிவிட்டது. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுத்த கணக்கில் ஒவ்வொருவர் பெயரும் உண்டு. நூறு ஆண்டு கழிந்ததும் அந்த ஏடுகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. இந்தியாவிலும் அதே ஆட்சி தலை எண்ணியது. ஆனால் மொத்தத் தொகையை அச்சிட்டதும் வீட்டுவாரிப் படிவங்களை அது வைத்துக்கொள்ளவில்லை. 1881ல் ஒரு ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்ல முடியும். யார் யார் என்று சொல்ல முடியாது. பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 1969ல்தான்.

இதற்கும் கொச்சியில் ஒரு விலக்கு உண்டு. ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஃபோர்ட் கொச்சி அன்று பிரிட்டிஷ் மண், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில்தான் 1524ல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்தார்கள். பிறகு எலும்புகள் லிஸ்பனுக்குப் போயின. அந்த ஆலயத்தில் 1751லிருந்து 1804 வரையிலான ஞானஸ்நான, திருமணப் பதிவேடு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத் திருச்சபைகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆக, ஃபோர்ட் கொச்சியில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் பேத்தி லண்டனில் உட்கார்ந்தே அவரைக் கண்டுபிடிக்கலாம். மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஜூ டவுன் கல்யாணங்களை எந்தப் பாதிரியாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தவர்கள் யூதர்களே. அவர்கள் திருமணத்தில் கெத்துபா என்ற ஒப்பந்தம் இல்லாமல் தாலி ஏறாது. ஆமாம், கேரள யூதப் பெண்களும் தாலி அணிந்தார்கள். மணமகன், மணமகள், இருவரின் தந்தையர், நாள், மணமகன் தர ஒப்பும் தொகை, சாட்சிகள் என்று ஒரே தாளில் இரண்டு குடும்பங்கள் அகப்படும். பூவும் கொடியும் வரைந்த கொச்சி கெத்துபாக்கள் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவற்றின் அழகை விட அந்த நான்கு பெயர்களே தேடுகிறவருக்குப் பெரிது.

அடுத்த சாட்சி கல்லறை. இறந்த நாளை யூதக் குடும்பங்கள் மறப்பதில்லை. நம் வீட்டுத் திதி போல ஆண்டுதோறும் அதே ஹீப்ரு தேதியில் பிரார்த்தனை உண்டு. ஆனால் கல்லில் உள்ள ஆண்டைப் படிக்கக் கணக்குத் தெரிய வேண்டும். யூத ஆண்டில் 3,760ஐக் கழிக்க வேண்டும். ஜெபாலயத்தின் 5328 அப்படித்தான் 1568 ஆகிறது. ராஜாவின் ஆவணம் என்றால் கொல்லம் ஆண்டு, அதனோடு 825ஐக் கூட்ட வேண்டும். கொச்சிக்கு வடக்கே சேந்தமங்கலத்தில் ஜெபாலயத்தின் முன் நிற்கிற 'இஸ்ரயேலின் மகள் சாரா' கல்லில் இருப்பதோ 1581. அது செலூக்கிய ஆண்டு. 312ஐக் கழித்தால் 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்லறைக் கற்களில் மிகப் பழையது அதுதான். சாரா யாரைக் கட்டினாள், எத்தனை பிள்ளைகள் என்பது தெரியாது. அப்பா பெயரும் இறந்த நாளும் 750 ஆண்டு தாண்டி நிற்கின்றன.

வீட்டுவாரிக் கணக்கும் ஒரு விதத்தில் உண்டு. 1686ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசஸ் பெரைரா த பைவா என்ற யூத வணிகர், கொச்சிக் குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு போய் மறு ஆண்டே அச்சிட்டார். ஸ்பெயின், அலெப்போ, ஜெருசலேம், ஜெர்மனி என்று அந்த ஒரு தெருவுக்குள் பாதி உலகம். டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியில் எழுதிக் குவித்த காகிதங்கள் இன்று எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மட்டாஞ்சேரி வணிகரின் வாரிசு சென்னைக்கு ரயிலேற வேண்டியிருப்பது இதனால்தான்.

த பைவாவின் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: வெள்ளையர், கறுப்பர் என்ற பிரிவு. பின்னாளில் கொச்சி அரசின் மக்கள்தொகை அறிக்கைகளும் அதே சொற்களை எடுத்துக்கொண்டன. வெளியிலிருந்து வந்த பரதேசிகள் 'வெள்ளை'. நூற்றாண்டுகளாக மண்ணில் இருந்த மலபாரிகள் 'கறுப்பு'. பரதேசி வீடுகளின் விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்கள் வழி வந்தவர்களும் மூன்றாவது வகை. அவர்களுக்குப் பரதேசி ஜெபாலயத்தில் உட்காரவும் இடமில்லை. முறைப்படி சமயத்தில் சேர்ந்தவர்களோடு மணம் செய்யலாம் என்று கெய்ரோவிலிருந்த ரப்பி டேவிட் இப்ன் சிம்ரா 16ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு எழுதியிருந்தார். தெரு அதைக் கேட்கவில்லை.

கேட்க வைத்தவர் அந்த மூன்றாவது வகையில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சாலெம் (1882-1967). காந்தியின் சத்தியாக்கிரகத்தை ஜெபாலயத்துக்குள்ளேயே நடத்தியவர். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனாலும் 1950ல் அவருடைய மகன் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பியபோது திருமணம் பம்பாயில்தான் நடந்தது. இன்று அந்தத் தெருவுக்குச் சாலெமின் பெயர். தன் வேரைத் தேடி வருகிறவர் எந்தக் கிளையில் போய் நிற்பார் என்பது ஆவணத்தைத் திறக்கும் வரை தெரியாது. எதிர்பார்த்தது ஸ்பெயின் நாட்டு வணிகர்; கிடைப்பது அவர் வீட்டு அடுக்களையில் வேலை செய்த பெண்ணாகவும் இருக்கலாம். வணிகரின் பெயர் ஒப்பந்தங்களிலும் கணக்குகளிலும் பத்து இடத்தில் வரும். அந்தப் பெண்ணின் பெயர் ஓரிடத்தில் அகப்பட்டாலே அதிர்ஷ்டம்.

இத்தனை சண்டைக்கும் மூலப் பத்திரம் ஒன்று உண்டு. சுமார் கி.பி. 1000ல் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்தில், தமிழர் காதுக்கு அன்னியமில்லாத மொழியில் இருக்கிறது. சுங்கத்துக்கு அதில் உள்ள சொல் 'உல்கு'. பல்லக்கு, குடை, பகல் விளக்கு என்று 72 உரிமைகள். அவை ரப்பானுக்கு மட்டும் போகவில்லை. மகன், மகள், மருமக்கள் என வழிவழியாக, உலகும் சந்திரனும் உள்ளவரை என்கிறது செப்பேடு. அந்த வழி நாங்களே என்று இரு தரப்பும் உரிமை கோரின. மகள் வழியையும் சேர்த்தே மன்னர் எழுதியிருந்தார் என்பதை நிறத்தைப் பற்றிப் பேசியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

1950களின் நடுவில் மலபாரிகள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பரதேசிகள் பின்னர் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். ஜூ டவுனின் இன்னொரு ஜெபாலயமான கடவும்பாகம், கயிறுக் கிடங்காக இருந்து 2019 மழையில் இடிந்து விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தெருவில் பூவேலைத் துணிகள் விற்றுவந்த சாரா கோஹன் 96 வயதில் இறந்தார். 2024 ஆகஸ்டில் பரதேசிப் பெண்களில் கடைசியானவரும் போனார். கூட்டுப் பிரார்த்தனைக்கு வேண்டிய பத்து ஆண்கள் இந்தத் தெருவில் இல்லாமல் போய் வெகுகாலமாகிறது.

பதிவேட்டில் இல்லாததைச் சொல்ல, அந்த எசக்கியேல் இவர் இல்லை, அவருடைய சித்தப்பா பேரன் என்று திருத்த, இதுவரை தெருவில் யாராவது ஒரு பாட்டி இருந்தார். இனி கல்லும் காகிதமும் மட்டுமே. இஸ்ரேலிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் இப்போது கல்லறைகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊரில் போய் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். பல கற்களில் அவர்கள் பெயரே இருக்கும்.