கழுத்தில் எழுதிய சுரங்கள்

லண்டன் பங்க் இசைக்குழுவான 'தி கிளாஷ்' 1979இல் வெளியிட்ட 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் அட்டையை முதலில் பார்த்தபோது எங்களுக்குக் கோபம் மட்டுமே தெரிந்தது. பால் சிமோனன் தன் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை மேடையில் ஓங்கி அடித்து நொறுக்கும் படம் அது.

அவருடைய கதை பிறகுதான் தெரிந்தது. குழு தொடங்கியபோது அவருக்கு வாசிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று பேஸின் கழுத்திலேயே எழுதிவைத்துப் பழகினார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் இடக்கைக்காரர். ஆனால் வாசித்தது வலக்கைக் கிட்டார். 1966இல் செய்த பழைய டெலிகாஸ்டர் அது. கார்களுக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்டை அதன்மேல் அடித்திருந்தார்.

இப்படிப் பழகியவர்கள்தான் 1978 ஏப்ரல் 30 அன்று, டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிளம்பிய நிறவெறி எதிர்ப்புப் பேரணி விக்டோரியா பூங்காவில் முடிந்தபோது, பல்லாயிரம் பேர் முன் வாசித்தார்கள்.

நாங்களோ, நல்ல கருவி வரட்டும், முறையாகப் படித்துவிட்டு மேடையேறலாம் என்று எத்தனை மாலைகளைத் தள்ளிப்போட்டோம்!

உடைந்த அந்த பேஸைப் பின்னாளில் லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கருவியை உடைக்கும் வசதி நமக்கு இல்லை, தோழர்களே. கழுத்தில் சுரம் எழுத ஒரு பேனா போதும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.