டிரைவ்வே: மேலே தளம் போடுவதா, அடியோடு மாற்றுவதா?



டொராண்டோவின் பழைய குடியிருப்புகளில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே டிரைவ்வே இருப்பது பரவலான வழக்கம். தெருவிலிருந்து தொடங்கும் அந்தப் பாதை இரு வீட்டுச் சுவர்களுக்கும் இடையே ஒடுங்கிச் சென்று, பின்புறத்தில் விரிந்து, ஆளுக்கொரு கராஜில் முடியும். எல்லைக்கோடு நடுவில் ஓடினாலும், முழு அகலத்தையும் பயன்படுத்தும் உரிமை இருவருக்கும் உண்டு. எங்கள் வீடும் அத்தகையது. மறுபாதிக்கு உரியவர் எண்பது வயதைத் தாண்டிய, கணவரை இழந்த இத்தாலிய அம்மையார் ஒருவர். ஓய்வூதியமே அவருடைய வருவாய். ஆகவே, பாதையின் தார்த்தளம் பழுதுபட்டபோது, எங்கள் வசதியை மட்டும் பார்த்து முடிவெடுக்க இயலவில்லை.

மூன்று ஒப்பந்தக்காரர்களை வரவழைத்தோம். முதலாமவர், பழைய தளத்தின்மேல் ஒன்றரை அங்குலம் அல்லது இரண்டு அங்குலம் புதுத் தார் போட்டு ரோலர் ஓட்டிவிடலாம், ஒரே நாளில் வேலை முடியும் என்றார். இரண்டாமவர், அனைத்தையும் பெயர்த்து அகற்றிவிட்டு ஜல்லிப் படுகையிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். அவர் கேட்ட தொகை முன்னதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூன்றாமவர் பாதையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி என்றார். (வீட்டிற்கே வந்து இவ்வாறு எழுதி வாங்கும் ஒப்பந்தத்தைப் பத்து நாள்களுக்குள் ரத்து செய்ய ஒன்டாரியோ சட்டம் இடமளிக்கிறது. அறியாத சகோதரர்கள் அறிந்துகொள்ளட்டும்.)

அம்மையாருக்கு முதலாவது வழியே பிடித்திருந்தது. மலிவானது, விரைவானது, பார்வைக்கும் புதிது. அவருடைய இடத்தில் நாங்கள் இருந்திருந்தாலும் அதையே விரும்பியிருப்போம்.

தார்த்தளம் பார்வைக்குக் கல்போல் தோன்றினாலும் அது வளைந்து கொடுக்கும் பொருள். ஜல்லியையும் மணலையும் பிட்டுமென் என்னும் கரும்பசை ஒட்டி வைத்திருக்கிறது. வண்டியின் பாரத்தைப் பெரிதும் தாங்குவது அதன் அடியில் இறுக்கப்பட்டிருக்கும் ஜல்லிப் படுகைதான். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டுப் பிட்டுமென் வறண்டால், கருமை சாம்பல் நிறமாகும், மேற்பரப்பு சொரசொரப்பாகும், ஆங்காங்கே வெடிப்புகள் ஓடும். இது மேல்தோலின் முதுமை. இதற்கு மேலே ஒரு தளம் போதும். படுகையே கெட்டுவிட்டால் நிலைமை வேறு. வெடிப்பின் வழியே இறங்கும் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து, சுற்றியுள்ளவற்றைத் தள்ளுகிறது. பகலில் உருகி இரவில் உறையும் மார்ச் மாத நாள்கள், கடுங்குளிரான ஜனவரியைவிடத் தளத்திற்குக் கேடானவை. நீர் ஊறி வலுவிழந்த படுகையின்மேல் வண்டி ஏறும்போது தளம் அமுங்கி எழுகிறது. நாளடைவில் அது முதலையின் தோலைப்போல் சிறு சிறு கட்டங்களாக வெடிக்கிறது. அதன்மேல் எத்தனை அழகாகத் தளம் போட்டாலும், அடியிலுள்ள வெடிப்புகள் சில குளிர்காலங்களுக்குள் அப்படியே மேலெழுந்து வரும்.

ஒரு மழை நாளுக்குப் பிறகு, கையில் சாக்பீஸும் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு பாதை முழுவதையும் நடந்து பார்த்தேன். கராஜ்களின் முன்புறத்தில் சில நீண்ட வெடிப்புகள் மட்டுமே இருந்தன. ஸ்க்ரூடிரைவரை அவற்றில் இறக்கியபோது கெட்டியான ஜல்லியில் இடித்து நின்றது. இரு சுவர்களுக்கும் நடுவிலுள்ள பகுதியிலோ முதலைத்தோல் வெடிப்பு தெரு வரை நீண்டிருந்தது. சக்கரங்கள் ஓடும் தடம் பள்ளமாகியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடி வரை இறங்கியது. மழை நின்று ஒரு நாள் கடந்தும் அங்கே நீர் வற்றவில்லை. தேங்கிய நீரின் விளிம்பைச் சாக்பீஸால் வரைந்தேன். அது அம்மையாரின் சுவரைத் தொட்டு நின்றது. அதைக் கண்ட பிறகே, தம் பேஸ்மென்டின் ஒரு மூலையில் சுவர் ஈரமாக இருப்பதை அவர் என்னிடம் காட்டினார்.

அவர் விரும்பிய வழி அவருடைய வீட்டிற்கே தீங்காக முடியும் என்பது அப்போது விளங்கியது. சாய்ந்துபோன படுகையின்மேல் இரண்டு அங்குலத் தளம் போட்டால் சாய்வு மாறாது. பாதையின் மட்டம் மட்டும் உயரும். அதே நீர் அவருடைய செங்கற்சுவரில் இரண்டு அங்குலம் மேலே போய் நிற்கும். எங்கள் சுவருக்கோ ஒன்றும் நேராது. அவரே கேட்கிறார், எங்களுக்கும் செலவு குறைவு, எல்லாரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திடலாம். பின்னாளில் எவரும் எங்களைக் குறை கூறவும் முடியாது. ஆனால், அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆ உரைகளில் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அறிந்ததை மறைத்துப் பெறும் அத்தகைய சம்மதம் எப்படி இனிக்கும்?

சாக்பீஸ் கோட்டைக் காட்டி விளக்கினேன். அவருடைய கணவர் சாலைப் பணிகளில் உழைத்தவராம். “கீழே கல் சரியில்லை என்றால் அவர் தாரைத் தொடவே மாட்டார்” என்று கூறிச் சிரித்தார். வேலையைப் பற்றிய வாதம் அத்துடன் முடிந்தது. எஞ்சியது பணம்.

முழுவதையும் மாற்றத் தேவையில்லை என்பது முதல் ஆறுதல். தெருவிலிருந்து சுவர்கள் முடியும் இடம் வரை அடியோடு மாற்றுவது, கராஜ்களின் முன்புறம் பழைய தளத்தைச் சுரண்டி மேல்தளம் மட்டும் போடுவது என்று இரண்டாமவரிடம் பேசினோம். இரண்டும் சேருமிடத்தை வாளால் நேராக அறுத்து, ஒட்டும் பூச்சுப் பூசி இணைக்க வேண்டும் என்பதால் சற்று முகம் சுளித்தார், பிறகு இசைந்தார். மீதத் தொகைக்குத் தவணைத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். முதல் ஆண்டு வட்டியில்லை, அதற்குப் பின் வட்டி. அது எங்களுக்கு ஆகாது. அம்மையார் அதில் சிக்குவதையும் நாங்கள் விரும்பவில்லை.

உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்வதற்காகச் சேர்த்த தொகை கையில் இருந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “அடுத்த வருஷம் போனாப் போச்சு வாப்பா. அந்த அம்மா வீட்டுக்குள்ள தண்ணி போகலாமா?” என்றார் உம்மா. அம்மையாரின் பங்கையும் நாங்களே செலுத்துவது, அவர் இருபத்துநான்கு மாதங்களில் வட்டியின்றித் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. தானமாக எதையும் ஏற்கமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொன்னார். இது கடன் என்று நானும் உறுதியாகச் சொன்னேன். கடனை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை அவருக்கு எடுத்துக் கூறி, இரண்டு படிகளில் எழுதிச் சாட்சிகளுடன் கையெழுத்திட்டோம். எழுதியதால் அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

வேலைக்குமுன், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் ஒன்டாரியோ ஒன் கால் வழியாக அடையாளமிடச் செய்தார்கள்; தோண்டுவதற்குமுன் இது சட்டப்படி கட்டாயம். பழைய தளத்தைப் பெயர்த்தபோது, களிமண்ணின்மேல் இரண்டு அங்குல ஜல்லிகூட முழுமையாக இல்லை. இப்போது எட்டு அங்குலம் நொறுக்கிய கல், இரண்டு அடுக்குகளாக அழுத்தப்பட்டிருக்கிறது. பாதையின் நடுவை மெல்லிய வாய்க்காலாகத் தாழ்த்தி, நீர் இரு சுவர்களையும் விட்டு விலகித் தெருவை நோக்கி ஓடும்படி செய்தார்கள். விலை எழுதி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாரின் கனத்தை “அழுத்திய பின்” என்று குறிப்பிடச் சொல்லுங்கள். கொட்டும்போது மூன்று அங்குலமாக இருப்பது ரோலர் ஓடியபின் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும்.

முதல் கோடையில் புதுத் தார் இளகியே இருக்கும். வண்டியை நிறுத்தியபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால் தடம் விழும். சீலர் பூச ஆள்கள் மறுவாரமே கதவைத் தட்டினார்கள்; முதல் ஆண்டில் அது வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரே சொல்லியிருந்ததால் அனுப்பிவிட்டோம்.

மாதம் பிறப்பதற்கு இரண்டு நாள்கள் முன்னதாகவே அம்மையார் ஓர் உறையைக் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தார். அதன்மேல் 1/24 என்று எழுதியிருந்தார்.