எந்தக் கோயிலின் பற்று?

பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுக்குப் படிப்பிக்கப் போகத் தொடங்கி மூன்றாவது வருடம் அது. எட்டாம் தரத்துப் பிள்ளையொருத்தி பழைய காணி உறுதியின் பிரதியொன்றை மேசையில் வைத்தாள்.

"சேர், அம்மம்மாட உறுதி. இதில கோவிற்பற்று எண்டு கிடக்கு. எந்தக் கோயில்?"

வரலாறு படிப்பிக்கிற எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்றேன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்துக் குறிப்புகளை அன்றிரவு தேடி எடுத்தேன்.

யாழ்ப்பாண உறுதிகளில் ஊர்ப் பெயரோடு சேர்ந்து வரும் இந்தச் சொல் பிள்ளையார் கோயிலையோ அம்மன் கோயிலையோ குறிப்பதல்ல. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், ஊர்களைத் தங்கள் தேவாலயங்களைச் சுற்றிப் பங்கிட்டார்கள். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்கள் ஒரு கோவிற்பற்று. 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். பற்றுகளை மட்டும் விட்டுவைத்தார்கள். தீவுகளுக்கும் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் இன்றும் வழக்கில் நிற்கிறது. பால்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் அந்தத் தேவாலயங்களின் படங்களைக்கூடக் காணலாம்.

என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் தேவாலயத்தோடு ஒரு பள்ளிக்கூடம். ஞானஸ்நானம், விவாகம், மரணம் எல்லாவற்றையும் பள்ளித் தோம்பில் எழுதி வைத்தவர் அந்த ஊர் வாத்தியார். விவாகம் தோம்பில் ஏறினால்தான் பிள்ளைக்கு முதுசம் உறுதிப்படும். ஆகவே சனங்கள் வந்து பெயர் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் தெய்வத்தைக் கும்பிட்டார்கள். வாத்தியாருக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே எழுதியிருப்பார். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் தேவாலயங்கள் வெறுமையாயின. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய கட்டடங்களில்தான் குடியேறினார்கள். தேவாலயம் போனாலும் பற்று உறுதியில் தங்கிவிட்டது.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் பிள்ளையோடு அவளுடைய அம்மம்மாவைப் பார்க்கப் போனேன். நொத்தாரிசின் கூட்டெழுத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். நாலு எல்லைகளையும், பனைகளையும், கிணற்றுப் பங்கையும் வாசித்தேன். வடக்கெல்லைக்காரரின் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவையில ஒருத்தரும் இல்லைத் தம்பி. தொண்ணூறு ஆவணியோட சரி."

1990 ஓகஸ்டில் போர் தீவுகளுக்குள் நுழைந்தபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் காணாமற்போனவர்கள் பலர். அவர் பிள்ளைகளோடு குருநகருக்கு ஓடியிருக்கிறார். போகும்போது எடுத்தது இந்த உறுதியைத்தான்.

"நீங்கள் சோனகத் தெருப் பிள்ளையெல்லோ? உங்கட உறுதி கிடக்கோ?"

கிடந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டபோது, உம்மா அதைச் சீலைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். எனக்கு ஒன்பது வயது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் அது இருபது வருடம் ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தது. வாப்பா மௌத்தான பிறகு, 2011இல், தங்கச்சியின் கலியாணத்துக்காக அந்தக் காணியை விற்றுக் கையெழுத்துப் போட்டவன் நான். நொத்தாரிசு 'வண்ணார்பண்ணைக் கோவிற்பற்று' என்று வாசித்தது காதில் விழுந்தது. என்னவென்று நான் கேட்கவில்லை. உம்மாவும் ஒன்றும் பேசவில்லை. சுற்றிவந்த சீலைத் துண்டை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அம்மம்மாவுக்கு "வித்திட்டம்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழும்பினார்.

மறுநாள் வரவு இடாப்பைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, கோவிற்பற்றின் கதையை வகுப்புக்குச் சொன்னேன். தோம்பு எழுதிய வாத்தியாரின் கதையையும் சொன்னேன். பிள்ளைகள் கவனமாய்க் கேட்டார்கள். கடைசியில் அந்தப் பிள்ளை எழும்பினாள்.

"உங்கட காணி எந்தக் கோவிற்பற்று சேர்?"

"வண்ணார்பண்ணை" என்றேன்.