கூட்டலும் கழித்தலும்

நமது சங்க விழாக்களில் காமிராவும் கையுமாக அலைபவன் என்ற முறையில் உங்களில் பலர் என்னை அறிவீர்கள். படம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் எனக்கு இருந்ததுண்டு. அந்த நினைப்பு சென்ற மார்கழியில் இந்தத் தில்லி மாநகரில், குதுப் மினாரின் அடியில் கரைந்து போயிற்று.

என்னைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஏறக்குறைய 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இத்தனை உயரத்தில் யார் போய் விளக்கு வைப்பார்கள்?" என்று கேட்டாள். மூடுபனி இன்னும் விலகவில்லை. வானம் முழுவதும் சலவை வேட்டிபோல் வெளுத்திருந்தது. அவளை அதன் முன் நிறுத்தி, என் புதிய டிஜிட்டல் காமிராவின் பொத்தானை அமுக்கினேன்.

திரையில் பார்த்தால் மினார் இருக்கிறது, புடவை இருக்கிறது, அம்மாவின் முகத்தைக் காணோம்! அது இருக்க வேண்டிய இடத்தில் கரிய நிழல் ஒன்றுதான் இருந்தது. மூன்று முறை எடுத்தேன், மூன்றும் அப்படியே.

அம்மா எட்டிப் பார்த்தாள். "விடுடா ராசா, என் நிறம் அப்படி. அந்தப் பெட்டி என்ன செய்யும்?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஊர்க் கல்யாணங்களில் படம் எடுக்கும்போதெல்லாம் அவள் ஏன் பின்வரிசைக்கே போய் நின்றாள் என்பது அன்றுதான் விளங்கிற்று.

அன்றிரவு, விடுதியில் பௌதிகம் படிக்கும் நண்பர் ஒருவரிடம் முறையிட்டேன். "குற்றம் அம்மாவின் நிறத்தில் இல்லை, உன் கணக்கில்தான்" என்றார் அவர். எந்தக் காட்சியையும் சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்பது காமிராவின் ஒளிமானி கொண்டிருக்கும் நம்பிக்கை. விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பும் சாம்பல் அட்டை ஒன்றைப் படக்காரர்கள் வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அந்தச் சாயலுக்கு எல்லாவற்றையும் இழுத்துவரப் பார்க்கிறது யந்திரம். வெண்பனியைக் கண்டால் வெளிச்சம் மிகுதி என்று குறைத்துவிடும். முன்னால் நிற்பவர் முகமும் சேர்ந்து இருண்டு போகும். கருமையைக் கண்டால் வெளிச்சம் போதாது என்று கூட்டிவிடும்.

இதைத் திருத்தவே கூட்டல், கழித்தல் குறிகளோடு ஒரு பொத்தான் இருக்கிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று பெயர். ஒன்று கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும். ஒன்று கழித்தால் பாதியாகும். துவாரத்தின் அளவை நாம் குறித்து, வேகத்தைக் காமிராவிடம் விட்டிருந்தால், ஒன்று கூட்டியதும் 1/500 நொடி 1/250 நொடியாக மாறும். வெண்மை வெண்மையாக விழக் கூட்ட வேண்டும். கருமை கருமையாக விழக் கழிக்க வேண்டும்.

மறுநாள் காலைப் பனியில் ஒன்று கூட்டி எடுத்தேன். முகம் தெரிந்தது. ஆனால் கூட்டியதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்தேன். நண்பர்களே, நீங்கள் மறவாதீர்கள்!

இரவு, ரயில் நிலையம். கறுப்புக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு அம்மா நின்றாள். எடுத்த படத்தில் கம்பளி சாம்பலாகவும், முகம் மாவு பூசினாற்போலவும் இருந்தன. மூக்குத்தி இருந்த இடமே தெரியவில்லை. அம்மாவுக்கோ தாங்காத மகிழ்ச்சி! "எவ்வளவு நிறமாக இருக்கிறேன் பார்! இதை உன் சித்திக்கு அனுப்பு" என்றாள்.

நேற்று அவளை இருட்டாக்கிய அதே பிழைதான் இன்று வெளுப்பாக்கியிருக்கிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? "இன்னும் ஒன்று, அம்மா" என்று சொல்லி, குறியை ஒன்று கழித்தலுக்கு நகர்த்தி எடுத்தேன். காட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அந்தப் படத்தில் கம்பளி கறுப்பாகவே இருந்தது. மண்பானையின் நிறத்தில் முகம். நெற்றியில் மூன்று கோடுகள். மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம்.

அவள் கேட்டதைச் சித்திக்கு அனுப்பினேன். இதைப் பிரதி எடுத்து அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். சற்று நேரம் பேச்சே இல்லை.

பிறகு, "எங்க ஆத்தா மாதிரியே இருக்கேனேடா" என்றாள்.

பாட்டியைப் படம் எடுத்தவர் யாரும் கிடையாது.