சொல்லின் வாலைப் பிடியுங்கள்

சில எழுத்துகளைக் கொடுத்து, அவை எல்லாம் வருகிற நீளமான ஆங்கிலச் சொல் ஒன்று வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் முதல் எழுத்திலிருந்து யோசிப்பார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்குவேன். நீளமான ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒட்டிச் சேர்த்த சொல். முன்னே ஒரு முன்னொட்டு, நடுவே வேர், பின்னே ஒன்றோ இரண்டோ பின்னொட்டு. வேர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அடிக்கடி வரும் பின்னொட்டுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து தேடுவதுதானே புத்திசாலித்தனம்?

புதிர்ப் பிரியர்கள் எல்லாரும் ஒருமுறையாவது சந்தித்த கேள்வி ஒன்று: ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்தும் அதே வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே முறை வரும் சொல் எது? வாலைப் பாருங்கள். ஐ-ஓ-யூ-எஸ் என்று முடியும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். அந்த வாலிலேயே கடைசி மூன்று உயிரெழுத்தும் வரிசை மாறாமல் உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் ஏ-வும் இ-யும் மட்டும் வந்தால் போதும். இப்படித்தான் 'ஃபசீஷியஸ்' அகப்படுகிறது: எஃப்-ஏ-சி-இ-டி-ஐ-ஓ-யூ-எஸ். அதன் பின்னாலேயே 'அப்ஸ்டீமியஸ்' வந்துவிடும். இரண்டின் கடைசியிலும் எல்-ஒய் சேர்த்தால் ஒய்-யும் வரிசையில் வந்து நிற்கும்.

தலைகீழ் வரிசை இன்னும் அழகு. யூ, ஓ, ஐ, இ, ஏ வேண்டும். யூ-வை முன்னொட்டு தரும்: 'அன்' அல்லது 'சப்'. அடுத்த ஓ-வை 'கான்', 'காம்' தரும். கடைசி இ-யும் ஏ-யும் 'என்டல்', 'மென்டரி' போன்ற முடிவுகளில் கிடைக்கும். நடுவில் ஒரு ஐ மட்டும்தான் பாக்கி. 'சப்கான்டினென்டல்', 'அன்காம்ப்ளிமென்ட்டரி' இரண்டும் இப்படிக் கட்டிய சொற்களே. நம் துணைக்கண்டத்தைக் குறிக்க நாளிதழில் தினமும் பார்க்கிற சொல்லுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்புத் தருகிறது.

எந்த எழுத்தும் திரும்ப வராத நீளச் சொல்லுக்கும் இதே வழிதான். 'நெஸ்', 'லெஸ்' என்று முடிந்தால் எஸ் இரட்டித்துவிடும், தள்ளிவிடலாம். 'ஏபிள்' என்ற முடிவில் நான்கும் வெவ்வேறு எழுத்து. 'காப்பிரைட்' என்பதில் ஒன்பதும் வெவ்வேறு. முன்னால் 'அன்' சேர்த்தால் யூ-வும் என்-னும் புதியவை. 'அன்காப்பிரைட்டபிள்': 15 எழுத்து, ஒன்றுகூடத் திரும்பவில்லை. கைரேகை ஆய்வைக் குறிக்கும் 'டெர்மடோகிளிஃபிக்ஸ்' என்ற சொல்லும் அதே 15தான்.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோப்புகளுக்குள் தேட நான் அன்றாடம் பயன்படுத்தும் 'கிரெப்' என்ற கருவியை 1973 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன் எழுதினார். சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஏ.*இ.*ஐ.*ஓ.*யூ என்ற அமைப்பில் தேடச் சொன்னால் நொடியில் விடை வரும். புள்ளியும் நட்சத்திரமும் 'நடுவில் எது வந்தாலும் சரி' என்று பொருள்படும். அங்கேதான் கவனம் வேண்டும். 'சாக்ரிலீஜியஸ்' இந்த வலையில் விழும், ஆனால் அதில் ஐ இரண்டு முறை வருகிறது. புள்ளி இருக்கும் இடத்தில் 'உயிரெழுத்து அல்லாத எதுவும்' என்று எழுதினால்தான், சொல்லின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சேர்த்து எழுதினால்தான், வலை இறுகும்.

பட்டியலும் முக்கியம். யுனிக்ஸ் கணினிகள் சிலவற்றில் கூடவே வரும் பட்டியல் 1934-இல் வெளியான வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. சுமார் 2,35,000 சொற்கள். வழக்கொழிந்தவை அதில் மண்டிக் கிடக்கின்றன, பன்மை வடிவங்களோ பெரும்பாலும் இல்லை. யாரும் எழுதாத, பேசாத சொல்லை அதிலிருந்து எடுத்து நீட்டினால் அது விடையே அல்ல என்பது என் கட்சி. 45 எழுத்துள்ள அந்தப் பிரபலமான நுரையீரல் நோய்ப் பெயரையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 1935-இல் அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே கட்டிய சொல் அது.

ஒட்டு முறை கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு: கடன் வாங்கிய சொற்கள். கியூ-வுக்குப் பின் யூ வராத சொல் வேண்டுமானால் எந்தப் பின்னொட்டும் உதவாது. 'கவ்வாலி' போல அரபு வழி வந்தவற்றைத்தான் நினைக்க வேண்டும். ஜி, டபிள்யூ, ஒய் மூன்றும் வரும் 12 எழுத்துச் சொல்லைத் தேடியபோது எனக்குக் கிடைத்தது 'மல்லிகட்டானி'. நம் மிளகுத்தண்ணீர்தான், ஆங்கில அகராதியில் குடியேறியிருக்கிறது. கேட்ட எழுத்துகள் ஆங்கிலத்துக்கு அன்னியமாகத் தெரிந்தால் கப்பல் ஏறிவந்த சொற்களைப் பாருங்கள்.

உங்களுக்கு ஒன்று வைக்கிறேன். ஆறு மெய்யெழுத்துகள் இடைவிடாமல் அடுத்தடுத்து வரும், எல்லாருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்று சொல்லுங்கள். பின்னொட்டில் கிடைக்காது, இரண்டு சொற்கள் கூடும் மூட்டில் தேடுங்கள். முதலில் பென்சிலை எடுங்கள், கணினியை அப்புறம் திறக்கலாம்.