வடக்கே ஓடும் ரெட் ஆறு

வாபெட்டன் ஊரருகே இரண்டு சிற்றாறுகள் கூடி ரெட் ஆறாகின்றன. இடக்கரை வட டகோட்டா, வலக்கரை மினசோட்டா. வளைந்து நெளிந்து சுமார் 880 கிலோமீட்டர் வடக்கே ஓடி, கனடாவின் வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. பனியுகத்து அகாசிஸ் ஏரி வற்றிக் கிடந்த தரை இது. மேடு பள்ளமே இல்லாத கரிசல்.

வலக்கரை ஊரான மூர்ஹெட்டில் ஒரு கப்பல் நிற்கிறது. ராபர்ட் ஆஸ்ப் என்ற பள்ளி ஆலோசகர் உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றில் வைத்துக் கட்டியது. அவர் இறந்தபின், 1982இல், பிள்ளைகள் அதை நார்வேயின் பெர்கன் வரை ஓட்டிச் சென்றார்கள். நார்வேயிலிருந்து குடியேறி நூறாண்டு கழித்தும் விடாத ஊர்ப்பாசம்!

அடுத்தது இடக்கரையில் டிரெயில் கவுன்டி. நார்வேயில் உழத்தக்க நிலம் கொஞ்சம். அன்று பண்ணை மூத்த மகனுக்குப் போனது, இளையவர்களுக்குக் குத்தகைக் குடிசைதான். இங்கேயோ ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தமானது. 1870களில் வந்தவர்கள் முதலில் கூஸ் ஆற்றங்கரையைப் பிடித்தார்கள். மரம் அங்கேதான் இருந்தது. மரமில்லாமல் வீடும் இல்லை, குளிருக்கு விறகும் இல்லை. பிந்தி வந்தவர்களுக்கு வெட்டவெளிப் புல்வெளி.

அந்த நிலம் யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1863இல் ஓல்டு கிராசிங் ஒப்பந்தத்தில் ஒஜிப்வே மக்களிடமிருந்து சுமார் 1.1 கோடி ஏக்கரை அரசு வாங்கிக்கொண்டது. டிரெயில் கவுன்டியும் அதற்குள் அடக்கம். குடியேறிகளின் உழைப்பைப் போற்றுகிறவர்கள் இந்த ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கிராண்ட் ஃபோர்க்ஸை 1997 ஏப்ரலில் ஆறு மூழ்கடித்தது. தெற்கே பனி உருகும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்திருக்கும். வந்த தண்ணீர் போக வழியின்றிச் சமவெளியில் பரவிவிடும்.

எல்லை தாண்டி வின்னிபெக். 1875 அக்டோபரில் ஐஸ்லாந்துக்காரர்கள் அங்கிருந்து தட்டைப் படகுகளில் ஆற்றோடு இறங்கி ஏரிக்கரையில் கிம்லியை அமைத்தார்கள். மறு ஆண்டே பெரியம்மை. கிம்லிக்குச் சற்று வடக்கே, அவர்கள் பிடித்த நிலத்தில் முன்பே வாழ்ந்தவர் ஜான் ராம்சே என்ற சோட்டோ பழங்குடியினர். முதலில் எதிர்த்தார், பிறகு அவர்களுக்கு வேட்டையிறைச்சி கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மனைவி பெட்ஸி அந்த அம்மையில் இறந்தார். அவருக்கு ராம்சே சலவைக்கல் நட்டார். ஐஸ்லாந்துக்காரர்களில் பலர் 1878 முதல் தெற்கே திரும்பி, வட டகோட்டாவின் பெம்பினா கவுன்டியில் குடியேறினார்கள்.